மூடியில் ஓர் ‘அ’

அழைப்புமணியில் கௌரி விரலை வைத்ததும் வீட்டுக்கு அடியிலிருந்து ‘டமார்’ என்று ஒரு சத்தம் எழுந்தது.

அடுத்த கணம் இரவிச்சந்திரன் புல்தரையில் குப்புறக் கிடந்தான். எப்போது படுத்தான் என்று அவனுக்கே தெரியாது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த உடம்பு. மொன்றியலுக்கு வந்து பதினாறு வருடமாகியும், இந்தமாதிரிச் சத்தங்களுக்கு அது அவனைக் கேட்காமல் தானாகவே முடிவெடுத்துவிடும். தலையைத் தூக்கிப் பார்த்தான். கௌரி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மணியை இரண்டாம் முறை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“மணியிலை ஏதோ கோளாறு போலை,” என்றான் இரவி, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டியபடி. “வேறை சத்தம் வாங்கிப் பூட்டச் சொல்லுவமக்கா.”

கௌரிக்கு ஐம்பத்தொரு வயது. எரிந்த வீடுகளுக்கும் தொலைந்த நகைகளுக்கும் இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்ப்பதுதான் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் இருபது வருடமாக அவளுடைய வேலை. அதை விட்டபிறகு, பார்க் எக்ஸ்டென்ஷனில் டெப்பனேர் எனப்படும் ஒரு மூலைக்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து, ‘விசாரணைகள்’ என்று பலகை மாட்டியிருந்தாள். இரவி போன வருடம்வரை ஜான்-டலோன் சந்தைக்கு மரக்கறி ஏற்றியவன். அவனுடைய வான் வண்டியில் இன்னும் கொத்தமல்லி வாசம் போகவில்லை. இப்போது அவளுக்குச் சாரதி, எழுத்தர். அவனுடைய சொந்தக் கணக்கில் மூளையும் அவன்தான்.

கதவைத் திறந்தவர் றோசா. முழங்கைவரை அரிசிமா பூசியிருந்தது.

“வாளி வெடிச்சிட்டுது போலை. வாங்கோ,” என்று பால் பொங்கியதைச் சொல்பவர் மாதிரிச் சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

காலையில் தொலைபேசியில் சொன்னதையே சமையலறையில் வைத்து இன்னொரு தடவை சொன்னார். கணவர் அன்டன் நிலவறையில் பியர் காய்ச்சுகிறவர். விற்பதற்கல்ல, குடிப்பதற்கும், வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் நடத்தும் போட்டிக்கும். புதன்கிழமை அவருடைய ஈஸ்ட் போத்தலைக் காணவில்லை. எடுத்தவன் தன் மச்சான், அதாவது றோசாவின் தம்பி றெனோல்ட்தான் என்று அன்று பின்னேரமே தீர்ப்பும் சொல்லிவிட்டார். சங்கத்துக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதி, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். நாளைக் காலை பத்து மணிக்குப் போட்டி. அங்கேதான் கடிதத்தைக் கொடுக்கப்போகிறார்.

சங்கம் போனால் போகட்டும். ஆனால் நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. றெனோல்டின் மகள் ஷெரோனுக்குக் கோவிலில் முதல்நன்மை, முதன்முதல் நற்கருணை வாங்கும் நாள். பிள்ளையின் ஞானத்தகப்பன் அன்டன். தகப்பனைக் கள்ளன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நிற்க முடியுமா? நிற்கத்தான் விடுவார்களா?

“என்ரை தம்பி எடுக்கேல்லை எண்டு காட்டித் தாங்கோ,” என்றார் றோசா. “எனக்கு அது காணும்.”

கௌரி தலையாட்டினாள். இரவி தன் தேநீருக்குச் சீனி தேடினான். சுவர்த்தட்டில் வரிசையாகப் பழைய ஜாம் போத்தல்களும் ஊறுகாய்ப் போத்தல்களும் இருந்தன. ஒவ்வொரு மூடியிலும் ஒட்டுத்துண்டில் கறுப்பு மையால் ஒரே ஓர் எழுத்து. ‘சீ’ என்று எழுதியிருப்பதை எடுக்கச் சொன்னார் றோசா.

“சீ எண்டு சொன்னாப் பிறகு எப்பிடியக்கா எடுக்கிறது?” என்றான் இரவி.

றோசா சிரித்தார். சிரித்த சந்தோசத்தில், ஞாயிறு விருந்துக்குக் கரைத்த மாவில் பதம் பார்க்கச் சுட்ட பாலப்பம் ஒன்றை அவன் தட்டில் வைத்தார். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சுபோல, மேலே இனிப்புத் தேங்காய்ப்பால். இரவி ஒன்றோடு நிறுத்தவில்லை. ஊரில் கள்ளு விட்டுப் புளிக்கவைத்த அப்பம் மாதிரியே இருக்கிறது, இந்தக் கேர்க்லாண்டில் பனைமரம் ஏதும் நிற்கிறதா என்று கேட்டான். றோசா அடுப்பைக் குறைப்பதற்காகத் திரும்பிக்கொண்டார்.

நிலவறையில் அன்டன் தாடியில் நுரை சொட்டச் சொட்ட நின்றார். உட்கூரையில் வட்டமாக ஓர் ஈர அடையாளம். வாளியின் மூடி அங்கே போய் முட்டிவிட்டு மூலையில் விழுந்து கிடந்தது. மிச்ச இடமெல்லாம் ஆசுப்பத்திரி மாதிரித் துப்புரவு. ஒரு மணி நேரம் முன்பு கேட்டிருந்தால் பியர் என்பது கடையில் கிடைப்பது என்றுதான் இரவி சொல்லியிருப்பான். இப்போது அன்டன் அவனைக் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

கடற்கரைக்குக் கொண்டுபோகும் பெரிய ஐஸ்பெட்டி. அதன் அடியில், வாளால் கீறுகீறாக அறுத்த செப்புக் குழாய். முளைக்கவைத்து உலர்த்திய பார்லியை உடைத்து அதற்குள் போட்டு, அறுபத்தேழு பாகைச் சுடுநீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்தால் இனிப்புச் சாறு அந்தக் கீறல்களால் வடியும். பார்லி உடைக்கும் உருளையைச் சுற்றுவது சுவரில் துளைபோடும் மெஷின். சாறு கொதிக்கும் அண்டா, தலை வெட்டிய உருக்குப் பீப்பா. கொதித்ததைச் சட்டென்று ஆறவைக்க, தண்ணீர் ஓடும் செப்புச் சுருள். எல்லாம் தானும் றெனோல்டும் சேர்ந்து ஆறு வருடத்துக்கு முன் கட்டியது என்றபோது அன்டனின் குரல் கொஞ்சம் இறங்கியது. இறங்கிய குரலைச் செருமித் தூக்கிக்கொண்டார். ஆறின சாற்றைக் கிருமிநாசினி நீரில் கழுவாத எதுவும் தொடக்கூடாது, இது இந்த அறையின் சட்டம் என்றார்.

ஈஸ்ட் பற்றிக் கேட்டதும் தலைநிமிர்ந்தார். பெல்ஜியத்தில் துறவிகள் மடத்தில் வளர்த்த ஈஸ்டாம். இரண்டாயிரமாம் ஆண்டு ஒரு போத்தலின் அடிமண்டியிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் வாளியின் அடியில் தங்குவதைக் கழுவிப் போத்தலில் வைத்து, இன்றுவரை உயிரோடு காப்பாற்றி வருகிறார்.

“துறவியளின்ரை ஈஸ்ட், தம்பி. தொட்டவனுக்குப் பாவம்.”

சுவரில் கண்ணாடி போட்டு நடுவர்களின் தாள்கள் தொங்கின. இரவி பொழுதுபோகாமல் வாசித்தான். 2001, 2002, 2003: துப்புரவான பியர், விசேசம் ஒன்றுமில்லை. 2004 இலையுதிர்காலம்: வெண்கலப் பதக்கம், அபூர்வமான பழவாசம், மடத்துப் பியர்களை நினைவூட்டுகிறது. 2005: மறுபடியும் வெண்கலம், அதே வாசம். வெள்ளி யாருக்கு என்று இரவி கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

றெனோல்டுக்குத்தான் வெள்ளி. அவன் பியரிலும் அதே வாசம் என்று நடுவர்கள் எழுதிவிட்டார்கள். இந்த உயிர்த்த ஞாயிறுக்கு அவன் வீட்டுக்குப் போனபோது, ஃபிரிட்ஜில் ஒரு போத்தல். மூடியில் ‘அ’.

“அ, அன்டன்,” என்றார் அன்டன், நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர்போல. “என்ரை போத்தலிலும் அதே ‘அ’தான். றோசா தன்ரை கையாலை எழுதி ஒட்டினவ.”

அந்த இடத்தில் அவர் முகம் இளகியது. பியர் மணத்தைச் சாக்கடைத்தண்ணி மணம் என்று சொல்லிக்கொண்டிருந்த மனுசி, இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், அவர் கேட்காமலே அவருடைய முதலெழுத்தை எழுதி ஒட்டியிருந்தாவாம். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கிழித்துப்போடுவாவோ என்று பயம்.

கௌரி இதையெல்லாம் காதில் வாங்கினாளா என்றே தெரியவில்லை. மூலையில் கிடந்த மூடியை எடுத்து, அதில் செருகியிருந்த வளைந்த பிளாஸ்டிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வாளிக்குள் உண்டாகும் காற்று அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியேறவேண்டும் என்றார் அன்டன். அடைத்தால் வெடிக்கும். அது அடைத்திருந்தது. கௌரி தலையிலிருந்து கொண்டைஊசியை உருவி, உள்ளே விட்டுக் கிண்டினாள். நுரையோடு சின்னதாக, வெள்ளையாக ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. மணந்து பார்த்துவிட்டு இரவியிடம் நீட்டினாள்.

தேங்காய்ப்பூ.

“பியருக்குத் தேங்காய் போடுறனீங்களோ, அண்ணை?” என்று கேட்டாள்.

அன்டனுக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. பார்த்தீர்களா, போத்தலை எடுத்தது காணாதென்று வாளிக்குள்ளும் கைவிட்டிருக்கிறான், அவன் வீட்டில் மூன்று நேரமும் தேங்காய்ப்பால் சொதி என்றார். சட்டைப்பைக் கடிதத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

றெனோல்ட் இருக்கும் புரோசார்டுக்குப் போகும் வழியில், பாலத்தில் வாகனங்கள் அட்டையாக ஊர்ந்தன. இரவி விசயத்தை முடித்துவிட்டிருந்தான். தேங்காய் இருக்கிறது, போத்தல் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. றெனோல்டின் கையில் விலங்கு மட்டும்தான் இல்லை என்றான்.

“மூடி சுத்திவர வடிவா அமத்திப் பூட்டியிருந்தது. இல்லாட்டி முகட்டிலை போய் அடிச்சிராது,” என்றாள் கௌரி. “அவதிப்படாமல், நிதானமா மூடியிருக்கினம். ஆனா தேங்காய் துருவின கையைக் கழுவேல்லை. பியர் காய்ச்சுற ஒருத்தன் அப்பிடி வாளியைத் திறப்பானோ?”

“களவெடுக்க வாறவன் கை கழுவிப்போட்டோ அக்கா வருவான்?”

“இவையள் வருவினம்,” என்றாள் கௌரி.

அது எவ்வளவு சரி என்று பத்து நிமிடத்தில் தெரிந்தது. றெனோல்ட் பஸ் திருத்துகிறவர். நகத்துக்குள் கிறீஸ் இருக்கவேண்டிய மனிதர். ஆனால் கராஜில் கட்டியிருந்த தன் காய்ச்சலிடத்துக்குள் அவர்களை விடுமுன், இரண்டு பேரின் கையையும் கிருமிநாசினி நீரில் கழுவவைத்தார். அதே ஐஸ்பெட்டி, அதே தலைவெட்டிய பீப்பா, அதே செப்புச் சுருள். அன்டன் வீட்டுச் சாமான்களின் இரட்டைப்பிள்ளைகள். சுருளை அப்போதுதான் வினாகிரி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுவாமல் விட்டால் செம்பு பச்சை பிடித்து அடுத்த காய்ச்சலைக் கெடுத்துவிடும் என்றார்.

மச்சான் வீட்டுப் பக்கம் உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு போகவில்லை என்றார். போத்தலைக் கேட்டதும் தயங்காமல் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். ஊறுகாய்ப் போத்தல். அடியில் வெள்ளையாக மண்டி. மூடியில், ஒட்டுத்துண்டில், கறுப்பு மையில் ‘அ’. கௌரி அந்த எழுத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

றெனோல்ட் ஃபிரிட்ஜை மூடினார். ஒருவர் தந்தது என்றார். ஆர் என்று சொல்லமாட்டேன், மாதாமேல் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன் என்றார். அப்படியானால் நாளைக்குக் கள்ளன் என்று பெயர் வருமே என்று இரவி எடுத்துச் சொன்னான்.

கௌரி கடதாசியில் மடித்து வைத்திருந்த தேங்காய்ப்பூவைக் காட்டி, அது இருந்த இடத்தைச் சொன்னாள். றெனோல்ட் வாய்விட்டுச் சிரித்தார். காய்ச்சுகிறவன் வாளிக்குள் தேங்காயா? இது ஆர் செய்த வேலை என்று கேட்கத் தொடங்கியவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். சிரிப்பு முகத்தைவிட்டுப் போய்விட்டது. சுருளை எடுத்து மறுபடி தேய்க்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது.

“அவர் கடிதத்தைக் குடுக்கட்டும், அக்கா,” என்றார் கடைசியில். “நான் சங்கத்தை விட்டு நிக்கிறன். ஞாயிற்றுக்கிழமை மச்சான் பிள்ளைக்குப் பக்கத்திலை நிண்டாரெண்டாக் காணும்.”

திரும்பி வரும்போது, பாலம் தாண்டியதும், றோசா காலையில் தொலைபேசியில் கேட்டது என்ன என்று கௌரி இரவியிடம் கேட்டாள். தம்பி எடுக்கவில்லை என்று காட்டித் தரச் சொன்னார் என்றான் இரவி.

“ஆர் எடுத்தது எண்டு கண்டுபிடிக்கச் சொன்னவவோ?”

இரவி யோசித்தான். வான் கொஞ்சம் பக்கத்து வாகன வரிசைக்குள் சரிந்தது. பின்னால் வந்தவன் பிரெஞ்சில் ஏதோ வாழ்த்தினான். வீட்டில் ஒரு பொருள் களவு போனால், கள்ளன் ஆர் என்று கேட்காத ஆள் உலகத்தில் ஒருவர்தான். ஏற்கெனவே தெரிந்தவர். கள்ளு விட்டதுபோன்ற அந்த அப்பத்தின் ருசி இப்போது அவனுடைய நாக்கில் வேறுமாதிரித் தட்டியது.

“எங்களைக் கூப்பிட்டதே கள்ளனோ அக்கா,” என்றான். “அதுவும் சாப்பாடு போட்டு.”

கேர்க்லாண்டில் அப்பச்சட்டி அடுப்பில் இருந்தது. மேசையில் நாலு பெரிய சட்டிகளில் மாவு, துணி போர்த்தபடி மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. கௌரி அன்டனையும் மேலே வரச் சொன்னாள். தேங்காய்ப்பூவை மேசைமேல் வைத்துவிட்டு, அந்தப் போத்தலைத் தரும்படி றோசாவிடம் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. தேநீர் கேட்பதுபோலக் கேட்டாள்.

றோசா கையைத் துடைத்தார். குனிந்து, அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு வெறும் போத்தலை எடுத்து வைத்தார். மூடியில் ‘அ’.

அன்டன் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

எப்போதும் ஒரு கரண்டிதான் எடுப்பேன் என்றார் றோசா. கோவிலில் எல்லோரும் கேட்டுக்கேட்டுச் சாப்பிடும் அப்பத்துக்கு அந்த ஒரு கரண்டி போதும். தம்பிக்கும் ஒரு போத்தலில் கொஞ்சம் கொடுத்து, சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் ஷெரோனின் விருந்துக்கு நூற்றைம்பது அப்பம். போத்தல் முழுவதும் போய்விட்டது. அதுவும் போதாமல், இன்று காலை தேங்காய் துருவின கையோடு கீழே போய், சிரட்டை அகப்பையால் வாளியில் பொங்கிநின்ற நுரையை இரண்டு கரண்டி வழித்தெடுத்தார். தூசி விழக்கூடாதென்று மூடியை நல்லாக அமத்தி மூடினார். தம்பிமேல் பழி விழுந்த அன்றே சொல்லியிருக்கலாம். அப்பத்துக்கு எடுத்ததைச் சொல்லப் பயம்.

“துறவியளின்ரை ஈஸ்டை அப்பத்துக்கு விட்டனீரோ?” என்றார் அன்டன். கோபத்தைவிட வலிதான் அதிகம் கேட்டது. கொஞ்ச நேரம் மாவுச் சட்டிகளையே பார்த்தார். பிறகு சட்டைப்பைக் கடிதத்தை எடுத்தார், நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். தொலைபேசியைக் கையில் எடுத்தார். றெனோல்டிடம் பேசவேண்டும் என்றார்.

வேலை முடிந்தது என்று இரவி இன்னோர் அப்பத்துக்குத் தட்டை நீட்டினான். ஆனால் கௌரி எழும்பவில்லை. சுவர்த்தட்டிலிருந்து ‘மி’, ‘ம’, ‘சீ’ மூடிகளைக் கழற்றிக் கொண்டுவந்து, ‘அ’வுக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினாள். நாலும் ஒரே கை, ஒரே மை. இதில் ‘ம’ யாருடைய பெயர் என்று அன்டனிடம் கேட்டாள்.

பெயரா, அது மஞ்சள்தூள் என்றார் அன்டன். ‘சீ’ சீனி என்று இரவி தன் பங்குக்குச் சொன்னான்.

“உங்கடை போத்தலிலை ‘அ’ வந்தது எப்ப, அண்ணை?”

இரண்டாயிரத்து நாலு, உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை என்றார் அன்டன். மறக்கவில்லை. மறக்கிற விசயமா அது?

“முதல் பதக்கம்?”

அந்த வருடம் இலையுதிர்காலம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் நின்றார். தொலைபேசி கையிலேயே இருந்தது. மனைவியைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். துணிக்குக் கீழே நுரைத்துக்கொண்டிருந்த மாவைப் பார்த்தார். அபூர்வமான பழவாசம் சமையலறை முழுக்க நிறைந்திருந்தது.

றோசா அடுப்பை அணைத்தார். 

“உங்கடை துறவியளின்ரை போத்தல் அந்தப் பெரிய வெள்ளிக்கு ஃபிரிட்ஜ் துடைக்கேக்கை என்ரை கையாலை விழுந்து உடைஞ்சு போச்சு, பயத்திலை நான் என்ரை இளநீர்ப் புளிப்புப் போத்தலை மூடியோடை அந்த இடத்திலை வைச்சனான், உந்த ‘அ’ அன்டன் இல்லையப்பா, அப்பம்.”